டோர்செட் பார்க்கில் அமெரிக்க விதை

ஊரிலிருந்து நான் வந்திறங்கியிருக்கும் இந்த வெளிநாட்டு நகரத்தின் டோர்செட் பார்க்கில், ஒரு தமிழ்க்கடை வாசலில் விதைப் பைக்கற்றுகள் தொங்குகின்றன. தக்காளி, மிளகாய், பூசணி, எல்லாம் அமெரிக்கச் சரக்கு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் யாழ்ப்பாணத்தில் மூன்று விதைக்கடை நடத்துகிறேன். இப்போது ஒரு அமெரிக்கக் கம்பனியின் ஏஜென்சியும் என் கைக்கு வருகிறது. ஊரில் சண்டை முடிந்து சில கிழமைதான் ஆகிறது. காசு வாங்கும் பெண்ணிடம் பெருமையடிக்காமல் இருக்க முடியவில்லை.

"ஊரில எவடம், பிள்ளை?"

"கிளிநொச்சி, அண்ணை."

"பிறகென்ன! இனி உங்கட பக்கம் முழுக்க என்ர விதைதான். காணியெல்லாம் சும்மாதானே கிடக்குது."

"சும்மா கிடக்கேல்லை அண்ணை," என்கிறாள், என் சாமான்களைப் பையில் போட்டபடி. "என்ர தம்பியை அங்கதான் விதைச்சது."

சண்டையில் செத்த போராளிகளைப் புதைத்தோம் என்று அவளுடைய வன்னிப் பக்கத்தில் சொல்வதில்லை, விதைத்தோம் என்றே சொல்வார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நாலு நாளாக இந்த நகரம் முழுக்க விதை, விதை என்று நான்தான் கத்திக்கொண்டு திரிகிறேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கிறாள்.

"உங்கட விதை நல்லா விக்கும் அண்ணை," என்கிறாள், எனக்காக இரங்கி.

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு முகமில்லை.