பட்டனை அழுத்தினால் சேதி

காக்களூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் போனை கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த அன்று, மிஷின் முன்னால் நின்றாலும் என் மனசு ஆஸ்பத்திரியில்தான் இருந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டர் வேலைக்காக வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான ஆள். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். தட்டும்போதெல்லாம் திரையைப் பார்த்து "வாம்மா, வா" என்று மெல்லக் கூப்பிடுவார். என் கவலையைக் கேட்டவர், டீ நேரத்துக்குள் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். வீட்டிலிருந்து போன் வந்தால் வாட்ச்மேன் கேட்டில் உள்ள கம்ப்யூட்டரில் சேதியைத் தட்டுவார். நான் உள்ளே ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் அது திரையில் தெரியும்.

அழுத்தினேன். "சேதி இல்லை" என்று வந்தது. சற்று நேரத்தில் மறுபடி போனேன்.

"இன்னாண்ணா, அதுக்குள்ளயா?" என்று சிரித்தார்.

"சும்மா சும்மா அமுக்கினா கெட்டுப்பூடுமாபா?"

"கெடாதுண்ணா. நீங்க கேட்டாத்தான் இது எழுந்திருக்கும். பதில் சொல்லிட்டு முடிஞ்சிடும். அடுத்த தபா புதுசா வரும். முன்ன கேட்டது எதுவும் அதுக்கு ஞாபகம் இருக்காது. வெக்கப்படாம கேட்டுக்கினே இருங்க."

முருகனை வேண்டிக்கொண்டே அழுத்தினேன். மாலையில் வந்தது: "பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அங்கேயே கண்ணை மூடிக் கைகூப்பினேன். திறந்தபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்றிருந்தார்.

"நீயும் சாமி கும்பிடுவியாபா?"

"இல்லண்ணா, எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் நான் அங்கிருந்து கிளம்பும்வரை அவர் செருப்பை மாட்டிக்கொள்ளவில்லை.