சங்கிலிக்காரரும் ஆறாவது கட்டிலும்

ஆஸ்பத்திரியில் அவருக்குச் சங்கிலிக்காரர் என்று பட்டப்பெயர். ஆக்ஸிஜன் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். சிலிண்டர் திறக்கும் ஸ்பேனரை வார்டுக்கு வார்டு சங்கிலி போட்டுச் சுவரில் கட்டிவைத்தவரை வேறெப்படிக் கூப்பிடுவார்களாம்? செவ்வாய்க்கிழமைதோறும் ஒத்திகை வேறு. குழாய் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு நர்ஸ்களே சிலிண்டரைத் திறந்து காட்ட வேண்டும்.

“ஊசி போடுற கைண்ணே இது. ஸ்பேனர் பிடிக்கவா படிச்சோம்?” என்பாள் குழந்தைகள் வார்டு நர்ஸ்.

“பிடிச்சுத்தான் ஆகணும்மா. மறுபடி மூடு, மறுபடி திற.”

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடுப்பில், மிச்சமிருந்த ஒன்றைத் தன் பெட்டியில் பூட்டிவைத்தவர் அவரேதான். அவர் அடுத்த கட்டடத்தில் வேலையாக இருந்தபோது இங்கே குழாயில் ஆக்ஸிஜன் நின்றது. கட்டிலருகிலேயே நிறை சிலிண்டர் இருந்தும் திறக்க வழியில்லை. அவர் சாவியோடு ஓடிவருவதற்குள் கட்டிலில் கிடந்த அவருடைய தம்பி போய்விட்டான். தன் பூட்டுதான் அவனைக் கொன்றது என்று இன்றும் நம்புகிறார். யார் என்ன சொல்லித் தேற்றுவது?

போன வாரம் அடித்த மழையில் மின்சாரம் போய், ஆக்ஸிஜன் இயந்திரமும் நின்றது. அலாரம் அலறியபோது அவர் வளாகத்தின் கோடியில், இயந்திரக் கொட்டகையில் இருந்தார். குழந்தைகள் வார்டில் ஆறு பிள்ளைகள் ஆக்ஸிஜனில். ஓடினார். லிஃப்டும் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடிப் படியில் வழுக்கி விழுந்து முட்டி சிராய்ந்தது. எழுந்து மறுபடி ஓடினார். கடவுளே, இன்னொரு தடவை வேண்டாம்!

வார்டு வாசலில் நின்று சுவரைப் பார்த்தார். ஸ்பேனரும் இல்லை, சங்கிலியும் இல்லை. கொக்கி அடித்த இடத்தில் வெறும் ஓட்டை.

“எவன்டா எடுத்தது?”

“கத்தாதீங்கண்ணே, பிள்ளைங்க பயப்படுது.”

கடைசிக் கட்டிலருகே குனிந்திருந்த நர்ஸ் நிமிர்ந்தாள். கையில் ஸ்பேனர், அதில் தொங்கும் சங்கிலி, அதன் நுனியில் காரை ஒட்டிய கொக்கி.

“உங்க சங்கிலி ஆறாவது கட்டிலுக்கு எட்டல. கொக்கியோட பிடுங்கிட்டேன். ஆறு பேருக்கும் ஆக்ஸிஜன் போகுது. சுவரை நாளைக்குப் பூசிக்குங்க.”

ஆறு முகமூடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் மூச்சு பனித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அன்னைக்கு என் பெட்டியையும் யாராவது உடைச்சிருக்கலாமேம்மா,” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதார்.