ஈட்டில் இருந்த வீடு

ஹாலிஎலயில் வீடு விற்க இருந்த அந்தப் பெரியவர், கம்பளிக் குல்லாயும் பொத்தான் மாறிப் போட்ட ஸ்வெட்டருமாக கேட்டுக்கு வெளியே நின்றார். யார் வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவாராம்.

"உள்ள வர முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேங்க. வீட்ட பேங்குல ஈடு வச்சிருக்கேன். மழைக்கு ஒரு மூலை ஒழுகவும் செய்யும்."

எங்களுக்கு முன் வந்தவர்கள் அதைக் கேட்டதுமே திரும்பிவிட்டார்களாம். மடுல்சீமை தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த எங்களுக்கோ, அமைந்தால் அதுதான் முதல் சொந்த வீடு.

"வீட்டப் பாத்துட்டுப் பேசுவோமேங்க" என்றாள் என் மனைவி.

"இல்லம்மா. பாத்தா புடிச்சிரும். புடிச்ச பொறகு சொன்னா, வேணாம்னு சொல்ல ஒங்களுக்கு மனசு வராது."

அந்தப் பேச்சை நம்பித்தான் உள்ளே போனோம். வங்கிக்குச் சேர வேண்டியதை நாங்களே நேரில் கட்டி ஈட்டை மீட்டோம். மீதியை அவரிடம் கொடுத்து உறுதிப் பத்திரம் எழுதினோம்.

வீடு பார்க்க வந்த நாட்களிலெல்லாம் பனி மூடியிருந்தது. குடிவந்த மறுநாள் காலை சமையலறை ஜன்னலைத் திறந்தேன். வெயிலில் நமுனுகுல மலை முழுதாக எதிரே நின்றது.

குறைகளையெல்லாம் கேட்டு வாசலிலேயே சொன்ன மனிதர், இதை மட்டும் சொல்லவே இல்லை.