குருவுக்கு விழுந்த அடி

தொண்ணூறுகளில் ஓர் ஆடி மாதம், வால்நட்சத்திரம் ஒன்று உடைந்து சிதறி, துண்டு துண்டாக வியாழன் கிரகத்தின் மேல் போய் விழுந்தது. நாளிதழில் படம்கூட வந்தது. நான் அப்போது கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கூப்பிட்டதும் ஓடினேன். மேடை என்றால் எனக்கு அவ்வளவு ஆசை.

அதேபோல் ஒரு கல் பூமியில் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு மணி நேரம் விளாசித் தள்ளினேன். கிளம்பும் தூசி சூரியனை மறைக்கும், பயிர் பட்டுப்போகும், டைனசோர்களுக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்றேன். பக்கத்தில் எங்காவது ஒரு நட்சத்திரம் வெடித்தால் தலைக்கு மேலிருக்கும் ஓசோன் போர்வை கிழிந்துபோகும் என்றேன். இதெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் எப்போதோ நடப்பது என்பதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். முன்வரிசையின் வெளிறிய முகங்களைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. பயமுறுத்துவதில் அப்படி ஒரு சுகம் இருந்தது.

எங்கள் மேல்மாடி அக்கா எழுந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து, ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவர். குரு பலன் வந்துவிட்டது என்று ஜோசியர் சொன்னதால் ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மாப்பிள்ளை காஜாங் ஊர்க்காரர்.

“சார், வியாழன்னா நம்ம குரு பகவான்தானே? அவர் மேலயே இப்படி அடி விழுந்திருக்கே, இந்த நேரத்துல கல்யாணம் வைக்கலாமா?”

தாராளமாக வைக்கலாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

“அவரே அடி வாங்கிப் படுத்துக் கெடக்காரு. அக்கா, அவர் எங்க உங்களுக்குப் பலன் குடுக்கப் போறாரு?”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தார்.

அக்கா கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளச் சொல்லிவிட்டார் என்று மறுவாரம் என் மனைவி சொன்னாள். “விளையாட்டுக்குச் சொன்னேன்னு போய் சொல்லிட்டு வாங்களேன்” என்றாள். ஏற வேண்டியது ஒரே ஒரு மாடி. நான் ஏறவில்லை. படித்தவன் போய், நான் பேசியது தப்பு என்று வாசலில் நிற்பதா என்ற வீம்பு. மாப்பிள்ளை வீட்டார் இதை ஏதோ சாக்கு என்று எடுத்துக்கொண்டு, ஐப்பசியில் செமினியில் வேறு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

தை பிறந்து, ஒரு காலை, பேருந்து நிறுத்தத்தில் அக்காவின் மகள் நின்றிருந்தாள். அவளுக்கும் கிள்ளானில்தான் வேலை, ஒரு லோரி கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. ஒளிந்துகொள்ள எனக்கு இடமில்லை.

“அங்கிள், அந்தக் கல்லு விழுந்த எடம் இப்ப எப்படி இருக்கு?”

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

“கரும்புள்ளியா தெரிஞ்சதும்மா. இப்ப மங்கிப் போச்சு. அவ்வளவு பெரிய கிரகத்துக்கு இது ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல.”

பேருந்து வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

“இதை அம்மாகிட்ட அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, அங்கிள்.”

எனக்கும் அதே பேருந்துதான். நான் ஏறவில்லை.