மூன்றாவது வளைவில் ஏறியவள்

நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. என் புருஷன் ஒக்னியானுக்கே பாதி நம்பிக்கைதான். ஆனால் அந்தக் காருக்குள் கிடந்தது நான். பேய் இருட்டில்தான் வரும் என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், எனக்கு வந்தது பட்டப்பகலில்.

எங்கள் ஊர் பல்கேரியாவில், ரொடோப்பி மலை உச்சியில். பிரசவ ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம், கீழே நகரத்தில். பனிக்காலத்தில் மூன்று மணி நேரப் பயணம். மாதம் ஒருமுறை ஊருக்கு வரும் நர்ஸ் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டு, "நல்லா துடிக்குது" என்பாள். ஸ்கேன் எல்லாம் நகரத்தில்தான்; நான் எடுக்கவே இல்லை. நாள் நெருங்கியதும் கீழே அறை எடுத்துத் தங்குவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம், அடுப்பில் பீன்ஸ் சூப் கொதிக்கும்போதே வலி வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வலி கண்டதை வெளியே மூச்சு விடக் கூடாது. விஷயம் தெரிந்தவர்கள் கூடக் கூட வலியும் நீளுமாம். "ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க. ஆஸ்பத்திரிக்கு போன்கூட வேண்டாம்" என்றாள் மாமியார். நானும் தலையாட்டினேன். என் புத்தியை என்ன சொல்ல.

எதிர்வீட்டு க்ரூம் அண்ணன் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா, இந்தப் பனியில?"

"மாட்டுத் தீவனம் வாங்க, அண்ணே" என்றான் ஒக்னியான்.

"மூட்டை தூக்கப் பொண்டாட்டியா? உருப்படுவ நீ."

பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்து வைத்தேன்.

கணவாயைத் தாண்டி மூன்றாவது வளைவில் கார் சறுக்கிப் பனிக்குள் புதைந்தது. உர்ர்ர்... உர்ர்ர்... சக்கரம் சும்மா சுற்றியது.

"கீழ சாலைக்காரங்க கொட்டகை இருக்கு. பனி வாரற வண்டியோட வரேன்" என்றான் ஒக்னியான்.

"போகாத."

"போகலன்னா?"

 பின்சீட்டில் என்னைப் படுக்க வைத்துவிட்டுக் கதவுகளைப் பூட்டிக்கொண்டு போனான். பத்தடியில் பனி அவனை மறைத்துவிட்டது. அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. கத்தினாலும் கேட்க ஆளில்லை. நாங்கள் இந்தச் சாலையில் இருப்பதே மாமியாரைத் தவிர யாருக்கும் தெரியாது.

டக்... டக்...

கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண். ஒக்னியான் அனுப்பியிருப்பான் என்று நினைத்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் தலையில் ஒரு துளி இல்லை.

கதவைத் திறந்த நினைவு எனக்கு இல்லை. அவள் என் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"அவருக்கும் மாமியாருக்கும்தான்."

"ஆஸ்பத்திரிக்கு?"

"தெரியாது."

"நல்லது."

அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் போ என்று சொல்ல முடியுமா? குழந்தை வந்துகொண்டிருந்தது. அவளை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

என் வாயிலிருந்து ஆவி பறந்தது. அவள் வாயிலிருந்து... எதுவும் வரவில்லை.

"முக்கு" என்றாள். கை இரும்பாய்ச் சில்லிட்டது.

முக்கினேன்.

பெண் குழந்தை. வீறிட்டு அழுதது. சால்வையில் சுற்றி என் நெஞ்சில் வைத்தாள்.

மறுபடி வலி.

"இன்னும் முடியல" என்றாள்.

"நஞ்சுக்கொடிதானே?"

அவள் மறுபடி குனிந்தாள்...

கண் இருட்டியது. எங்கோ குழந்தை அழுதது. குனிந்து பார்த்தேன். என் நெஞ்சில் இருந்தவள் வாய் மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அழுகை தூரத்தில் போனது...

பிறகு எதுவும் தெரியவில்லை.

ஒக்னியான் பனி வண்டியோடு வந்தபோது நாலு கதவும் பூட்டியே இருந்தன. சாவி போட்டுத்தான் திறந்தான். வெளியே பனியில் ஒரு காலடித் தடம் இல்லை. வண்டி ஓட்டிய ஸ்தொயில் அண்ணன் என்னையும் குழந்தையையும் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். நஞ்சுக்கொடியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தான் ஒக்னியான்.

அங்கே மருத்துவச்சி அதை விரித்துப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு தொப்புள்கொடி இருக்கு. ரெண்டையும் அழகா அறுத்துக் கட்டியிருக்கு." நிமிர்ந்தாள். "இன்னொரு குழந்தை எங்க?"

போலீஸ் நாயோடு தேடியது. எங்களையே சந்தேகப்பட்டது. பனி உருகியபின் மறுபடி தேடியது. ஒரு துணி, ஒரு எலும்பு... எதுவும் இல்லை. எனக்கு இரட்டை என்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

என் மகள் ராலிட்சாவுக்கு இப்போது ஏழு வயது. போன மாதம் ஸ்தொயில் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். ரக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். தொடவில்லை.

"அந்த வளைவுல ஒருத்தி நிக்கறதை வண்டிக்காரங்க நாங்க பல வருஷமா பாக்கறோம். எப்பவும் தனியாத்தான் நிப்பா" என்றார்.

"இப்ப?"

"நேத்து ஒரு பொண்ணு கையைப் புடிச்சிக்கிட்டு நடந்தா."

"எவ்வளவு பெரிய பொண்ணு, அண்ணே?"

அடுப்போரம் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த ராலிட்சாவை அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"அச்சு அசல் இவதான். இவ வீட்ல இருக்காளான்னு பாக்கத்தான்மா வந்தேன்."