பூஜையில் இருந்த ஸ்பேனர்

எங்கள் பிக்கப் வண்டிக்குப் பின் சக்கரம் ஆறு போல்ட், முன் சக்கரம் ஐந்து போல்ட். பின் அச்சு உடைந்தபோது பழைய இரும்புக் கடையில் புது மாடல் வண்டியின் அச்சுதான் கிடைத்தது, அதனால் வந்த வினை. ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு வேண்டும். இரண்டாவதை எங்கே வைப்பது, நெல் மூட்டைக்கு மேலா, என் தலைக்கு மேலா? திருவையாறு ரோட்டில் முன் சக்கரம் பஞ்சராகி, பின் சக்கரத்து ஸ்டெப்னியைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் நின்றேன். முன்னாலும் ஆறு போல்ட் ஆக்கிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். எனக்குப் பொறுமை என்றைக்குமே கொஞ்சம்தான்.

வண்டி எனக்கும் என் தம்பிக்கும் பொது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. நான் ஓட்டுவேன். மூட்டை ஏற்றி இறக்குவது, காற்று, கிரீஸ், ஆயில் எல்லாம் அவன்.

கும்பகோணம் ரோட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். சக்கரம் மாட்டுகிற ஹப், ஆறு துளை உள்ளதாகப் பழையது இரண்டு வாங்கிக் கொடுத்தோம். லேத்காரர் அதை எங்கள் பேரிங்குக்கும் பிரேக் தட்டுக்கும் பொருந்துகிற மாதிரி கடைந்து, புது போல்ட்டுகளை அடித்து இறக்கினார். சுத்தமான வேலை. இன்றைக்கும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆயுத பூஜை வருகிறதே என்று நான்தான் ரிம்முக்கெல்லாம் சில்வர் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். நட்டு உட்காருகிற இடத்தைக்கூட விடவில்லை. அதைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தார்.

"பெயிண்ட் மேல நட்டு நிக்காதுங்க. ஓட ஓட பெயிண்ட் நசுங்கும், நட்டு தளரும். அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் மறக்காம ஒருதடவ இறுக்கிடுங்க."

"சரிங்க, சரிங்க" என்று நான் சாவியைத் தேடினேன். தம்பிதான் நின்று இரண்டாம் முறை கேட்டுக்கொண்டான்.

அன்றே வைக்கோல் கட்டு ஏற்றி மயிலாடுதுறை போய்த் திரும்பினோம். ஐம்பது கிலோமீட்டர் எப்போதோ தாண்டியாயிற்று. விடிந்தால் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி வாழைக்கன்று கட்டினோம். சக்கரத்து நட்டு ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான். ஒவ்வொரு நட்டையும் விரலால் தொட்டேன், ஒன்றைக்கூட முறுக்கிப் பார்க்கவில்லை.

வீல் ஸ்பேனர், ஜாக்கி, மண்வெட்டி, அரிவாள் எல்லாம் கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் காலை கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அரிவாள்மணைக்கும் அன்று ஓய்வு, காய்கறியை முந்தின நாளே நறுக்கி வைத்துவிடுவார்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை நாலடி உருட்டியதோடு பூஜை முடிந்தது.

மத்தியானத்துக்குமேல் வானம் கறுத்தது. குறுவை அறுப்பு நேரம். அடுத்த ஊர் விவசாயி ஒருவர் போன் செய்தார்.

"நெல்லு பூரா ரோட்டுல கெடக்குங்க. பூசை நாள்னு ஒரு வண்டியும் வரமாட்டேங்குது. நீங்கதான் கை குடுக்கணும்."

வண்டிதான் உருண்டாகிவிட்டதே, ஓட்டலாம் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பெண்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தம்பி கூடத்துக்குப் போய்க் குனிந்தான்.

"அண்ணே, ஸ்பேனர எடுத்துக்கறேன். நட்ட ஒருதடவ இறுக்கிட்டுப் போயிருவோம்."

"கைய எடுடா! பூஜையில வச்சதப் போய் எடுக்குற, அறிவிருக்கா?"

"அஞ்சு நிமிஷம்ணே."

"நாளைக்குப் பாத்துக்கலாம். ஏறு வண்டியில."

ஏறினான். என் பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. வண்டி ஓடலாமாம், ஸ்பேனர் மட்டும் தூங்க வேண்டுமாம். என்ன புத்தியோ எனக்கு!

முப்பத்தைந்து மூட்டை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையோடு வந்துகொண்டிருந்தோம். தூறல் விழுந்தது. இடது பக்கம் டக், டக் என்று சத்தம்.

"அண்ணே, சக்கரத்துல சத்தம் வருது."

"குழியில விழுந்து எழுந்திரிக்குதுடா."

"இல்லண்ணே, நிறுத்துங்க. நான் எறங்கிப் பாக்குறேன், நீங்க மெதுவா உருட்டுங்க."

இறங்கினான். ஸ்பேனர் இல்லாதவன் வேறு என்ன செய்வான், பார்க்கத்தான் முடியும். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடி நடந்தான். நான் உருட்டினேன். பத்தடிகூடப் போகவில்லை. சக்கரம் கழன்று வாய்க்காலில் விழுந்தது. வண்டியின் முன்பக்கம் அத்தனை பாரத்தோடும் அவன் வலது காலின்மேல் இறங்கியது.

என் கை முதலில் சீட்டுக்குப் பின்னால் ஜாக்கிக்குத்தான் போனது. அங்கே வெறும் சாக்கு கிடந்தது. ஜாக்கி எங்கள் வீட்டுக் கூடத்தில் குங்குமப் பொட்டோடு இருந்தது. ஐயோ என்று கத்திக்கொண்டு ஓடினேன், எதற்கு, எங்கே என்று தெரியாமல் திரும்பி வந்தேன். வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். பாரம் குறையாமல் வண்டி அசையாது. மழை வலுத்தது. அவன் சேற்றில் கிடந்தபடி என்னைப் பார்த்து, "மூட்டைய மண்ணுல போடாதீங்கண்ணே, நனைஞ்சிரும்" என்றான். கடைசியில் இரண்டு மூங்கிலைக் கொடுத்து நெம்பித்தான் காலை எடுத்தோம்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அவன் மனைவி கட்டில் ஓரத்தில் நின்று கேட்டாள். லேத்காரர் சொன்னது அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது.

"நட்ட இறுக்கச் சொன்னாராமே, ஏன் இறுக்கல?"

நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். தம்பி என்னைப் பார்க்காமலே சொன்னான்: "என் வேலதான். மறந்துட்டேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு தனியாக இருக்கும்போது ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அவளுக்குத் தெரிஞ்சா உங்க மொகத்துலயே முழிக்க மாட்டாண்ணே. ஒரே வீட்டுல இருக்கணும்ல" என்றான். அன்றே நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பயம். அசிங்கமாக இருக்கிறது, ஆனால் பயம்தான்.

அதற்கப்புறம் இரண்டு வருஷமாக அவள் அவனை ஏசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் தண்ணீர் கேட்டால், கட்டைக்காலைக் கழற்றி வைக்க இடம் கேட்டால், "ஒரு நட்ட முறுக்கத் துப்பில்ல" என்று அவள் ஆரம்பிப்பாள். கொடுமைக்காரி இல்லை அவள். மூட்டை தூக்கிய புருஷன் வீட்டோடு உட்கார்ந்திருக்கிறான், வயிற்றெரிச்சல். அடுத்த அறையில் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் சாப்பிட்டு முடித்து எழுந்துவிடுகிறேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சாமான்களை அவள்தான் கழுவி எடுத்து வந்தாள். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சந்தனக் கிண்ணத்துக்குக் கை நீட்டினான். அவள் கிண்ணத்தை நகர்த்திவிட்டு ஸ்பேனரை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே வைங்க மாமா. இவர நம்பி ஒண்ணும் குடுக்க முடியாது."

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஸ்பேனரை வாங்கிப் பொட்டு வைத்தேன்.