சாணி மெழுகாத அறை

பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண் குழந்தையோடு திரும்பி வரும்போது வண்டியிலிருந்து என்னென்ன இறங்குகிறது என்று பார்க்க எங்கள் வளவின் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். என் வண்டியிலிருந்து தொட்டில் இறங்கியது. பித்தளை அண்டா, முறுக்குக் கூடை, எள்ளுருண்டைக் கூடை எல்லாம் இறங்கின. கடைசியாக இறங்கிய கூடை தானாகவே ஆடியது.

மேலே கட்டியிருந்த துணியை என் மாமியார்தான் விலக்கினார். உள்ளே செவலை நிறத்தில், காதுகள் இன்னும் நிமிராத ஒரு நாய்க்குட்டி. வெளிச்சத்தைப் பார்த்ததும் 'ஙீ' என்று அழ ஆரம்பித்தது.

"ஏனம்மணி, உங்கூட்ல சீரோட நாயும் வெப்பாங்களா?" என்றார் அத்தை.

"பால் குடுக்கற மாடு வரும்னு பாத்தா, பால் குடிக்கற நாய் வந்திருக்குது!" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்பா குடுக்கலீங்க, அத்தை. நான்தான் கேட்டுக் கொண்டாந்தேன்" என்றேன். புகுந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஏன் கொண்டுவந்தேன் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். இப்போது சொல்கிறேன். என் மகள் மெலிந்து பிறந்தாள். வந்து பார்த்தவர்களெல்லாம் "எலிக்குஞ்சாட்ட இருக்குது, பால் பத்துதா இல்லியா?" என்று என்னைக் கேட்டார்கள். எனக்கே தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வீட்டுச் சுகாதாரம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மையார், கடிகாரம் பார்த்துத்தான் பால் கொடுக்கவேண்டும், அழுதவுடன் தூக்கினால் குழந்தை கெட்டுப்போகும் என்று சொல்லியிருந்தார். என் அம்மாவோ அழவிடாதே, தொண்டை கட்டிவிடும் என்றார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், குழந்தையைப் பார்ப்பேன், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பேன். தூக்கினாலும் தப்பாகத் தோன்றும், தூக்காவிட்டாலும் தப்பாகத் தோன்றும். அந்த நாட்களில்தான் அப்பா வீட்டுக் கட்டுத்தரையில் குட்டி போட்டிருந்த நாயைப் பாம்பு கடித்துவிட்டது. மாடு கட்டும் அந்த இடத்தில், வைக்கோலுக்கும் சாணிக்கும் நடுவே, ஒரே ஒரு குட்டி மிஞ்சியது. துணித் திரியை ஆட்டுப்பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தேன். சப்பியது. பிழைத்துக்கொண்டது. என் கையால் ஓர் உயிர் பிழைக்கும் என்பதற்கு எனக்கு இருந்த சாட்சி அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

எங்கள் ஊர் சூலூருக்குப் பக்கம். அந்த வருஷம்தான் எங்கள் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்திருந்தது. மோட்டாருக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துக் கும்பிட்ட அத்தைக்கு இந்தக் குட்டியை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. நாய் வாசலில் இருக்கவேண்டியது, வீட்டுக்குள் அல்ல. அதனால் அதை வாசலுக்கு அந்தப்பக்கம், கட்டுத்தரைத் தூணில் கட்டினார்கள்.

கட்டியதிலிருந்து அழுதது. வெயில் ஏறினால் கொஞ்சம் ஓயும். பொழுது சாய்ந்தால் மறுபடி தொடங்கும். நாய் அழுவது வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதிலும் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில். அத்தை எழுந்து போய் அதட்டுவார். என் கணவர் போய் அதட்டுவார். அதட்டுகிற நேரம் ஆள் பக்கத்தில் இருக்கிறதல்லவா, அதனால் குட்டி வாயை மூடும். திரும்பி வந்தால் மறுபடி அழும். நான் உள்ளே குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பேன். சகுனத்தை நம்பாதவள் என்று பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கியவள்தான். ஆனாலும் எண்ணினேன்.

தாங்கமுடியாமல் ஒரு நாள் அதை அவிழ்த்து உள்ளே தூக்கிவந்தேன். அன்றிலிருந்து வேறு தொல்லை. வீட்டுக்குள் மூத்திரம் போயிற்று. முன்கூடமான ஆசாரத்தில் ஒரு தடவை, உள்ளறையில் பல தடவை. அத்தை உடனே அந்த இடத்தைக் கழுவி, சாணியைக் கரைத்து மெழுகிச் சுத்தம் செய்வார். மறுநாள் அது அதே இடத்துக்குப் போய் மறுபடியும் போகும். விளக்குமாற்றால் தரையில் தட்டி மிரட்டினார். குட்டி அவரைக் கண்டால் பயந்தது, பயத்திலும் போயிற்று.

"நாய்க்குட்டியப் பழக்கத் தெரியல, இவ பொட்டப்புள்ளைய என்னத்த வளர்த்தப் போறா" என்று அத்தை அடுக்களையிலிருந்து சொன்னது என் காதில் விழுந்தது. என் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னார். பிறகு என் முன்னால் வந்து நின்று தீர்ப்பையும் சொல்லிவிட்டார்.

"இத பாரு கண்ணு. மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நடறதுக்குள்ள இது ஊட்டுக்குள்ள அசிங்கம் பண்றதும் நிக்கோணும், அழுகறதும் நிக்கோணும். இல்லீனா உங்கப்பாரு ஊட்டுக்கே வண்டியேத்தி உட்டுப்போடுவேன். கம்பம் நட்ட பொறகு ஊர உட்டு ஆரையும் அனுப்ப முடியாது, பாத்துக்க."

கம்பம் என்பது அம்மன் கோயில் முன்னால் நடும் மரம். அதை நட்டுவிட்டால் நோம்பி, அதாவது திருவிழா, முடியும்வரை ஊரார் யாரும் வெளியூரில் தங்கக்கூடாது. அதற்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். மில் வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிறவர். வீட்டுக்கு வந்தால் யாரோடும் சண்டை கூடாது அவருக்கு. "உங்கப்பா ஊட்ல இருந்தா நல்லாத்தான இருக்கும்? நோம்பி முடிஞ்சு போயி பாத்துட்டு வரலாம்" என்றார்.

"நல்லா இருக்குமுங்க. ஆனா இவ வளர்த்த மாட்டான்னு ஆகிப் போயிருமுங்க" என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

முதலில் அழுகையை எடுத்துக்கொண்டேன். வெள்ளைக்கார அம்மையாரின் விதிப்படி அழவிட்டுப் பார்த்தேன், அதிகமாயிற்று. மடியிலேயே வைத்துப் பார்த்தேன், இறக்கினால் அழுதது. இரண்டையும் விட்டுவிட்டுச் சும்மா கவனித்தேன். தனியாக விட்டால் வரும் அழுகை நீளமாக இழுத்துக்கொண்டு போகும். பசி அழுகையில் நடுநடுவே நக்கும் சத்தம் இருக்கும். இன்னொன்று இருந்தது. குட்டையாக, மூக்கால் வரும் முனகல். அது கேட்டால் கொஞ்ச நேரத்தில் தரை ஈரமாகும். எல்லா அழுகையும் ஓர் அழுகை இல்லை. இதை ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை? தூக்கு, தூக்காதே என்று சொன்னார்களே தவிர, காது கொடுத்துக் கேள் என்று யார் சொன்னார்கள்?

என் பழைய சேலைத் துண்டொன்றைக் கூடையில் விரித்து, கூடையைக் குழந்தையின் தொட்டிலுக்குக் கீழேயே வைத்தேன். தொட்டில் கயிறு கிரீச்சிடும் சத்தத்தில் இரண்டும் தூங்கின. நீள அழுகை நின்றது. அத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்ததுதான் கஷ்டமாக இருந்தது. முனகல் கேட்டவுடன் இடுப்பில் குழந்தையையும் ஒரு கையில் குட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடுவேன். "வாரா பாரு, ரெண்டு புள்ளைக்காரி!" என்று பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே கத்துவாள். வெளியே விட்டால் குட்டி மண்ணை முகர்ந்துவிட்டு என்னைப் பார்க்கும். ஒன்றும் நடக்காது. உள்ளே வந்ததும் அத்தை மெழுகிய அதே இடத்துக்குப் போய் உட்காரும்.

ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் தரை மெழுகுவது வழக்கம். நான் சாணி மெழுகி முடித்து நிமிர்வதற்குள் குட்டி கூடையிலிருந்து இறங்கி, ஈரம் காயாத இடமாகப் பார்த்துப் போய், திருப்தியாக உட்கார்ந்தது. யாருக்கும் பயப்படவில்லை. தன் வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்தது.

அது கட்டுத்தரையில் பிறந்தது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சாணி வாசனை அதற்குப் பிறந்த இடத்து வாசனை; அங்கேதான் எல்லாம் செய்து பழகியிருக்கிறது. அசிங்கம் பண்ணிய இடத்தை நாங்கள் சாணி போட்டுச் சுத்தம் செய்யச் செய்ய, 'இங்கேதான் வரவேண்டும்' என்று அதற்கு நாங்களே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அதற்கு மேல் விளக்குமாறு வேறு.

அன்று மாலையே கட்டுத்தரை மூலையில் ஒரு கை சாணியைக் கரைத்துத் தெளித்தேன். முனகல் கேட்டதும் தூக்கிக்கொண்டு போய் அங்கே விட்டேன். முகர்ந்தது, சுற்றியது, உட்கார்ந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் சிரித்ததைப் பார்த்து, கறவைக்கு வந்த என் கணவர், "பள்ளிக்கூடத்துல இதையுமா சொல்லிக்குடுத்தாங்க?" என்றார்.

"இல்லீங்க. அவங்க சொல்லிக்குடுத்தத மறந்தபொறகுதான் இது தெரிஞ்சுது."

ஆனால் உள்ளறைத் தரை இன்னும் சாணித் தரைதான். வெளியே பாதி, உள்ளே பாதி என்று குட்டி குழம்பியது. கம்பம் நடும் நாளும் வந்தது. அன்றைக்கு வீடு முழுவதும் மெழுகவேண்டும். ஒரு மூலைகூட விடக்கூடாது. அத்தை வாளியோடு ஆசாரத்தை முடித்துவிட்டு உள்ளறை நிலைப்படிக்கு வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"இந்த ரூமுக்கு வேண்டாமுங்க, அத்தை."

"என்ன வேண்டாம்?"

"சாணி வேண்டாமுங்க. அந்த வாசத்துக்குத்தான் குட்டி உள்ள மூத்திரம் போவுது. ரெண்டு வாரமா பாத்துட்டுத்தானுங்க சொல்றேன்."

அத்தை வாளியைக் கீழே வைத்தார். "நாய்க்கோசரம் நோம்பிக்குச் சாணி போடாத ஊட்ட நான் எங்கயும் பாத்ததில்ல. சாணி போடாத ஊட்டுக்கு ஆத்தா வருவாளா?"

"மஞ்சத்தண்ணி தெளிச்சு வேப்பல கட்டறனுங்க. ஆத்தாளுக்கு அதவிட என்னங்க வேணும்?"

மாரியம்மனுக்கு மஞ்சள் நீரும் வேப்பிலையும் போதாது என்று அத்தை எந்த வாயால் சொல்வார்? ஆனால் அவர் விடவில்லை. "நாலெழுத்துப் படிச்ச வாயி! செரி, உம்பட இஷ்டம். நாளைக்கிப் புள்ளைக்கு ஒண்ணுன்னா எங்கிட்ட வந்து அழுகாத" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. மஞ்சள் நீரைத் தெளித்துவிட்டுத் தொட்டிலுக்குப் போனேன். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பங்குனி வெயிலில் யார் நெற்றிதான் சுடாது என்று என் நெற்றியையும் தொட்டேன். அதுவும் சுட்டது. அத்தையைக் கூப்பிட்டு மெழுகச் சொல்லிவிடலாமா என்று நிலைப்படிவரை போனேன். குழந்தை தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டு தன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. எனக்கு அது இவ்வளவு நாளாகத் தெரியாமல் போயிற்று. திரும்பி வந்து வேப்பிலையைக் கட்டினேன்.

பொழுது சாயும்போது அத்தை வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் கம்பத்துக்குப் போகக் குளித்துவிட்டு நின்றார். கூடையிலிருந்து முனகல் கேட்டது. குட்டையாக, மூக்கால்.

தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடினால், "நீ தூக்கிட்டுப் போனா எந்த நாய்தான் போவாது" என்பார் அத்தை. நான் தூக்கவில்லை. கூடையைச் சாய்த்து அதைத் தரையில் விட்டுவிட்டு முன்னால் நடந்தேன். உள்ளறையைச் சும்மா தாண்டி வந்தது. ஆசாரத்தில் அன்று மெழுகிய தரை இன்னும் மணத்துக்கொண்டிருந்தது. குட்டி நின்றது. மூக்கைத் தரையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றியது. என் கணவர் வாயைத் திறந்தார்; நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுத்துக்கொண்டே படியிறங்கினேன். குட்டி என்னைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, பிறகு உருண்டு விழுவதுபோல் படியில் இறங்கி வாசலுக்கு ஓடிவந்தது.

கட்டுத்தரை மூலைவரை வரவில்லை. அத்தையின் கோலத்துக்கு நட்ட நடுவில் உட்கார்ந்துவிட்டது.

"ஐயோ, எம்பட கோலம்!"

"வெளியதானுங்க, அத்தை" என்றேன்.

அத்தை என்னை முறைத்தார். கோயில் பக்கமிருந்து பறைச்சத்தம் எழுந்தது, குலவை கேட்டது. கம்பம் குழியில் இறங்கிவிட்டது. என் கணவர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

"கம்பம் நட்டாச்சுங்க, அத்தை" என்றேன். "இனி ஊர உட்டு ஆரையும் அனுப்பக்கூடாதுங்களே."

அத்தை கோலமாவுக் கொட்டாங்குச்சியை என் கையில் வைத்து அழுத்தினார். "அப்ப நீயே அழிச்சுட்டுப் புதுசாப் போடு" என்று உள்ளே போய்விட்டார்.

நான் கோலத்தில் கெட்டிக்காரி இல்லை. என் புள்ளிகள் ஒருபோதும் நேராக வராது. ஆனாலும் அந்த இடத்தைக் கழுவிவிட்டு, அத்தை போட்டதைவிடப் பெரிய கோலமாகப் போட்டேன். சாணி தெளிக்கவில்லை, மஞ்சள் நீர்தான் தெளித்தேன். அத்தை சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து பார்க்காமல் கடைசி இழையையும் இழுத்து முடித்தேன்.